சேமிப்பும் பதுக்கலும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நான் ஆலிம் அல்ல. ஓதியது ஊர் மதரஸாவில். படித்தது ஆரம்பப் பள்ளியில். அதற்குப் பிறகு இந்த நாற்பத்தாறு வயது வரை எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவை கல்லாப்பெட்டியும் தராசும்தான். "உணவுச் சரக்கு விற்கிறவனுக்கு மார்க்கம் என்ன சொல்கிறது என்று நீ எழுது" என்று சங்கத்துப் பெரியவர்கள் கேட்டபோது, ஆலிம்கள் இருக்க நான் எதற்கு என்று பின்வாங்கினேன். அதற்கு ஒரு பெரியவர், "மிம்பரில் சொல்ல வேண்டியதை ஆலிம்கள் சொல்வார்கள். கடையின் பின்னறையில் நடப்பதைக் கடைக்காரன்தானே சொல்ல வேண்டும்?" என்றார். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. என் பின்னறையில் நடந்த ஒன்று எனக்குத் தெரியும். அதையும் இங்கே சொல்லத்தான் போகிறேன்.

சகோதரர்களே! நம் கடை வாசலில் சிவப்பு வலைப்பையில் கிடக்கும் ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது எத்தனை கை மாறி நம்மிடம் வந்திருக்கிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

நாம் விற்கும் சிவப்புப் பெரிய வெங்காயம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது. மகாராஷ்டிர மாநிலத்தில், நாசிக் ஜில்லாவில், லாசல்காவ் என்று ஓர் ஊர் உண்டு. ஆசியாவிலேயே பெரிய வெங்காயச் சந்தை என்று பேர் பெற்றது. விவசாயி டிராக்டர் வண்டியில் சரக்கைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்துவான். வியாபாரிகள் வண்டி வண்டியாகப் பார்த்து ஏலம் கேட்பார்கள். ஏலத்தில் எடுத்தவர் பெரிது சிறிது என்று தரம் பிரித்து, பையில் கட்டி, லாரியில் ஏற்றி மும்பைப் பக்கத்துத் துறைமுகத்துக்கு அனுப்புகிறார். அங்கிருந்து கப்பலில் கிள்ளானுக்கோ பினாங்குக்கோ வந்து சேருகிறது. அப்புறம் இறக்குமதிக்காரர், மொத்த வியாபாரி, அவரிடம் வாங்கும் சிறிய மொத்த வியாபாரி, லாரிக்காரர், கடைசியில் நாம். நமக்கு அப்பால் ஓர் அடுப்பு, ஒரு சட்டி, ஒரு குடும்பம்.

இது ஒரு நீண்ட சங்கிலி. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் வெயிலில் நிற்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது? இந்திய ரிசர்வ் வங்கியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2024இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். இந்தியாவில் வீட்டுக்கு வெங்காயம் வாங்குகிறவர் ஒரு ரூபாய் கொடுத்தால், அதில் விவசாயி கைக்குப் போவது சுமார் 36 காசு. தக்காளியில் 33 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு. உள்நாட்டிலேயே இப்படியென்றால், கடல் தாண்டி வருகிற சரக்கில் இன்னும் எத்தனை செலவு, எத்தனை கை என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இதைக் கேட்டவுடன் நடுவில் இருக்கிற நாமெல்லாம் திருடர்கள் என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமல்ல. மார்க்கம் அப்படிச் சொல்லவும் இல்லை. நம் நாயகம் (ஸல்) அவர்களே வியாபாரம் செய்தவர்கள். ஒட்டகத்தில் சரக்கேற்றி ஷாம் தேசம் வரை போனவர்கள். செலவையும் உழைப்பையும் மார்க்கம் எப்படி மதிக்கிறது என்பதற்கு விளைச்சலின் ஜகாத்தைப் பாருங்கள். மழையில் தானாக விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு. கிணற்றிலிருந்து இறைத்து, கூலி கொடுத்து விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்குதான். கைப்பாடு கூடினால் கடமை குறைகிறது! ஆகவே, சுமந்தவனுக்குக் கூலி உண்டு. தரம் பிரித்தவனுக்குக் கூலி உண்டு. கெட்டுப்போகிற சரக்கை வாங்கி, நஷ்டத்துக்குத் துணிந்து நின்றவனுக்கும் கூலி உண்டு. அந்தக் கூலிக்குத்தான் இலாபம் என்று பேர். அது ஹலால்.

அப்படியானால் ஹராம் எங்கே நுழைகிறது? அதைத்தான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மதீனாவுக்கு வெளியூரிலிருந்து உணவுச் சரக்கு ஏற்றிய கூட்டங்கள் வரும். ஊருக்குள் அன்று என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரியாது. ஊர்க்காரர் சிலர் பாதி வழியிலேயே எதிர்கொண்டு போய், குறைந்த விலைக்குப் பேசி முடித்துவிடுவார்கள். இதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவன் சந்தைக்கு வந்து விலையைத் தெரிந்துகொண்டால், பேரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவனுக்குக் கொடுத்தார்கள். இன்னொரு நாள், சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரலில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்றான் விற்றவன். ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள்.

இந்த இரண்டிலும் உள்ள குற்றம் ஒன்றேதான். முதலாவதில் விலை மறைக்கப்பட்டது. இரண்டாவதில் தரம் மறைக்கப்பட்டது. சுமந்ததற்கும் காத்ததற்கும் வாங்குவது கூலி; மறைத்ததற்கு வாங்குவது கூலியல்ல, பிறர் பொருள். மூன்றாவதாக ஒரு மறைப்பு உண்டு. சரக்கு இருப்பதையே மறைப்பது! அதுதான் இன்றைய விஷயம்.

சரக்கை அறையில் வைத்துப் பூட்டுவதே பாவமா? இல்லை. யூசுப் நபி (அலை) அவர்களுடைய சரித்திரம் நமக்குத் தெரியும். மிஸ்ரு நாட்டில் ஏழு வருஷம் நல்ல விளைச்சல், அடுத்த ஏழு வருஷம் பஞ்சம் என்று அரசன் கண்ட கனவுக்கு விளக்கம் சொன்னார்கள். அத்தோடு நிற்கவில்லை. உண்பதற்கு வேண்டிய கொஞ்சத்தைத் தவிர, மற்றதைக் கதிரிலேயே விட்டு வையுங்கள் என்று வழியும் சொன்னார்கள். கதிரோடு இருந்தால் தானியம் சீக்கிரம் கெடாது என்பது விவசாயிக்குத் தெரிந்த விஷயம். அல்லாஹ்வின் நபி ஒருவர் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்றால், பண்டகம் காப்பது எவ்வளவு பெரிய அமானத்து என்று விளங்குகிறதல்லவா?

வெங்காயத்துக்கும் அப்படிக் காப்பவன் வேண்டும். இந்தியாவில் ஒரு வருஷத்து வெங்காயத்தில் சுமார் 70 சதவீதம் ரபி போகத்தில், பங்குனி சித்திரையை ஒட்டி அறுவடையாகிறது. அடுத்த போகம் சந்தைக்கு வர ஐப்பசி கார்த்திகை ஆகிவிடும். நடுவில் மழைக்காலம் முழுவதும் ஜனங்கள் சாப்பிடுவது சேமித்து வைத்த வெங்காயத்தைத்தான். காற்றோட்டமான கொட்டகையில், பரப்பிப் பரப்பி வைத்து, அடிக்கடி பொறுக்கிக் கழித்துக் காக்க வேண்டும். அப்படிக் காத்தாலும் நாலைந்து மாதத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து முதல் நாற்பது வரை வாடியும் முளைத்தும் அழுகியும் போய்விடுகிறது. கடன்பட்ட சிறு விவசாயிக்குக் கொட்டகையும் இல்லை, காத்திருக்கப் பணமும் இல்லை. அறுவடையன்றே மலிவு விலைக்குக் கொட்டிவிட்டுப் போகிறான். கொட்டகையும் பணமும் உள்ளவன் காத்திருந்து நல்ல விலை பார்க்கிறான். விவசாயியின் பங்கு 36 காசில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாலையும் முட்டையையும் பாருங்கள். அதே ஆராய்ச்சிக்காரர்கள் பாலில் சுமார் 70 காசும், முட்டையில் சுமார் 75 காசும் உற்பத்தி செய்தவனுக்கே போகிறது என்கிறார்கள். பால் வெங்காயத்தைவிடச் சீக்கிரம் கெடுவது அல்லவா? அப்படியிருந்தும் எப்படி? குஜராத்தில் கேடா ஜில்லாப் பால்காரர்கள் 1946இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். கிராமத்திலேயே அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்குத் தக்க காசு கொடுத்தார்கள். அந்த முறை பின்னர் நாடெங்கும் பரவியது. அளவும் தரமும் விலையும் விவசாயியின் கண் முன்னாலேயே வெளிச்சமாக நடந்தன. மறைப்பு நீங்கினால் பங்கு கூடும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஆக, சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு. இரண்டுக்கும் அறை ஒன்றுதான், பூட்டும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே? நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். மலிவுக் காலத்தில் வாங்கி வைத்தவனும், தன் நிலத்தில் விளைந்ததை வைத்திருப்பவனும் பதுக்கல்காரர்கள் அல்லர். விலை ஏறும் காலத்தில், ஜனங்களுக்குத் தேவை மிகுந்த நேரத்தில், சந்தையிலிருந்து உணவை வாங்கி, உடனே விற்காமல், இன்னும் ஏறட்டும் என்று அடைத்து வைக்கிறவனே பதுக்கல்காரன். பாவியைத் தவிர வேறு எவனும் பதுக்கமாட்டான் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது இவனைத்தான்.

எளிதாகச் சொல்கிறேன். சேமிப்பவன் மலிந்த நாளில் சந்தையிலிருந்து எடுத்து, அரிதான நாளில் சந்தைக்குக் கொடுக்கிறான். பதுக்குகிறவன் அரிதான நாளிலேயே சந்தையிலிருந்து எடுத்து, அதை இன்னும் அரிதாக்குகிறான். முன்னவன் யூசுப் நபியின் வழியில் போகிறவன். பின்னவன் பஞ்சத்துக்குக் கூட்டாளி.

இதையெல்லாம் நான் மதரஸாவிலேயே கேட்டவன். கேட்டும் என்ன செய்தேன் என்று இப்போது சொல்கிறேன்.

2023 ஆகஸ்டில் இந்திய சர்க்கார் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டது. டிசம்பர் 8ஆம் தேதி ஏற்றுமதியையே தடை செய்தது. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து செருப்பை மாட்டும்போதே கைப்பேசியில் செய்தி பார்த்தேன். பள்ளிவாசல் படியிலேயே நின்று மொத்த வியாபாரிக்குப் பேசினேன். விலை காலையைவிட ஏறியிருந்தது. ஏறின விலைக்கே அறுபது பை எடுத்துப் பின்னறையில் அடுக்கினேன். கடையில் நாலு பை மட்டும் வைத்தேன். அதுவும் இரண்டு நாளில் தீர்ந்தது. அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம், "சரக்கு வரவில்லை" என்றேன்.

நாலாம் நாள் காலை, எங்கள் கடைத்தெரு முனையில் வடை சுட்டு விற்கும் ஓர் அக்கா வந்தார்கள். கணவர் இல்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள். தினமும் இரண்டு கிலோ வெங்காயம் என் கடையில்தான் வாங்குவார்கள். "இல்லையக்கா" என்றேன். பக்கத்தில் நின்ற என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. "அத்தா, பின்னாலே நிறைய இருக்கே!" என்றான்.

அந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. வெறும் கூடையோடு போய்விட்டார்கள். நான் மகனை அதட்டினேன். "அது வேறு ஆளுக்கு வைத்தது" என்றேன். ஒரு பொய்யை மறைக்க இரண்டாவது பொய். அதுவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்படியாக. மூன்று நாள் அந்த முனையில் அடுப்பு எரியவில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சிறு பையனாக இருந்தபோது ஒரு தட்டுப்பாடு வந்தது. அத்தா சர்க்கரை மூட்டையைக் கடையின் நடுவிலே எல்லாரும் பார்க்கும்படி வைத்து, "ஆளுக்கு அரைக் கிலோ, எல்லாருக்கும் உண்டு" என்று சொல்லி நிறுத்துக் கொடுத்தார்கள். மூட்டை தீர்ந்ததும் சாக்கை உதறிக் காட்டினார்கள். அந்தச் சாக்கை நினைத்தால் என் பின்னறை என்னைப் பார்த்துச் சிரித்தது.

மறுநாள் சுபுஹு தொழுகைக்குப் பின் எங்கள் பள்ளி இமாமிடம் போனேன். நேராகக் கேட்க வெட்கப்பட்டு, மஸ்அலா மாதிரி சுற்றிக் கேட்டேன். "நம் மத்ஹபில் பதுக்கல் என்பது அரிசி, கோதுமை போன்ற பிரதான உணவைப் பற்றியதுதானே ஹஜ்ரத்? வெங்காயம் அதில் சேராதல்லவா?" என்றேன். அவர்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "கிதாபில் அப்படி இருப்பது உண்மை. எதை அடைத்தால் ஜனங்களுக்குத் துன்பமோ அதெல்லாம் பதுக்கல்தான் என்று ஹனபி இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள் சொல்லியிருப்பதும் உண்மை. நீ மஸ்அலா கேட்கிறாயா, தப்பிக்க வாசல் தேடுகிறாயா? சரி, வெங்காயத்தை விடு. இருக்கும் சரக்கை 'இல்லை' என்று சொன்னாயானால், அந்தப் பொய்க்கு எந்த மத்ஹபில் போய் இடம் தேடுவாய்?"

நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்தேன். கடைக்கு வந்து பின்னறையைத் திறந்தேன். காற்றில்லாத அறையில், ஈரப் பருவத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த பைகளில் நாற்றம் எடுத்திருந்தது. கொட்டிப் பொறுக்கியதில் பதினோரு பை முழுதும் போய்விட்டது, மற்றதிலும் கழிவு. நல்லதையெல்லாம் முன்னே கொண்டுவந்து, வாங்கிய விலையோடு வழக்கமான இலாபத்தை மட்டும் சேர்த்துப் பலகையில் எழுதி வைத்து விற்றேன்.

சகோதரர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அழுகிப்போனதால் அது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வெங்காயம்கூட அழுகாமல், நல்ல இலாபத்துக்கு விற்றிருந்தாலும் அது பாவமே. நஷ்டம் வந்தால்தான் திருந்துவேன் என்பவன் அல்லாஹ்வுக்கு அஞ்சவில்லை, நஷ்டத்துக்கு அஞ்சுகிறான்.

அந்த வடைக்கார அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. "பாய், நீங்க விலையைக் கூட்டிச் சொல்லியிருந்தாகூட, வாங்குறதா வேணாமான்னு நானே முடிவு பண்ணியிருப்பேன். இல்லேன்னு சொல்லிட்டீங்களே" என்றார்கள். ஊருக்கு வெளியே வழிமறிக்கப்பட்ட மதீனாக் காலத்து விவசாயிக்கு நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பிக் கொடுத்த உரிமை இதுதான். உண்மையைத் தெரிந்துகொண்டு தானே முடிவு செய்யும் உரிமை. அதை நான் அந்த அக்காவிடமிருந்து பறித்திருந்தேன். மார்க்கம் தெரியாத ஓர் அம்மாள் எனக்கு மார்க்கம் சொன்னார்கள். இந்தியாவின் தடை 2024 மே மாதம் நீங்கியது. என் வெட்கம் இன்னும் நீங்கவில்லை.

இது வெங்காயத்தோடு நிற்கிற விஷயமல்ல. அதே 2023இல் அரிசிக்கு நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடுத்தது. உலகச் சந்தையில் விலை ஏறியது. மலேசியாவில் செப்டம்பர் முதல் தேதி இறக்குமதி அரிசி ஒரு டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. உள்நாட்டு வெள்ளை அரிசிக்கோ கிலோ 2 ரிங்கிட் 60 காசு என்ற கட்டுப்பாட்டு விலை. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுந்ததும், மலிவு அரிசி பல கடைகளின் அலமாரியிலிருந்து காணாமல் போனது. தேடி வாங்குவோர் கூடியது ஒரு பக்கம். பதுக்கல், பை மாற்றிக் கட்டுதல் என்ற சந்தேகம் மறு பக்கம். யார் செய்தார், யார் செய்யவில்லை என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால், பை மாற்றிக் கட்டுகிறவன் ஈரத் தானியத்தை அடியில் மறைத்தவனின் வாரிசு என்பதில் சந்தேகமில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961இன் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டுக்கும் கொள்ளை இலாபத் தடுப்புக்கும் 2011இன் சட்டம் இருக்கிறது. ஆனால், அதிகாரி வருகிற நாள் வருஷத்தில் ஒன்றோ இரண்டோ. மற்ற நாளெல்லாம் பின்னறையைப் பார்க்கிறவன் யார்? அவனுக்கன்றோ நாம் ஐந்து வேளை தலை சாய்க்கிறோம்!

இப்போது நீங்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பீர்கள். "பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்றுவிட்டால், அடுத்த சரக்கைப் புது விலைக்கு எடுக்க முதல் எங்கே இருக்கும்? கடையை மூடிவிடுவதா?" என்று. இல்லை. மதீனாவில் விலைவாசி ஏறி, விலையை நிர்ணயம் செய்யுங்கள் என்று ஜனங்கள் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் உடன்படவில்லை. விலை அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, யாருடைய உரிமையையும் பறித்தவனாக ரப்பைச் சந்திக்க நான் விரும்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். சரக்குக் குறைந்து விலை ஏறினால், அதற்குத் தக்கபடி, சட்டம் அனுமதிக்கும் அளவில் விற்பதற்குத் தடையில்லை. வியாபாரிகள் கூடிப் பேசிக்கொண்டு ஜனங்களை நெருக்கும்போது, நியாய விலைக்கு விற்கும்படி அதிகாரி கட்டாயப்படுத்தலாம் என்று இப்னு தைமிய்யா போன்ற பிற்கால அறிஞர்கள் எழுதினார்கள். ஆகவே, வினை விலை ஏறுவதில் இல்லை. அடைப்பதிலும் மறைப்பதிலும் கூடிச் சதி செய்வதிலும்தான் இருக்கிறது.

ஆதலால் சகோதரர்களே, நான் பட்ட பாட்டிலிருந்து சில யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, சேமிப்பதானால் மலிவு நாளில் சேமியுங்கள். அப்போது வாங்குவது விவசாயிக்கும் ஒரு தாங்கல். அறைக்குக் காற்றோட்டம் வேண்டும்; பையைச் சுவரை ஒட்டி அடுக்காமல், பலகைமேல் இடைவெளி விட்டு வைக்க வேண்டும்; வாரம் ஒருமுறை பொறுக்க வேண்டும். உணவை அழுக விடுவதும் அமானத்தில் மோசடிதான்.

இரண்டாவது, தட்டுப்பாடு வந்த நாளில் பூட்டைத் திறங்கள். ஒருவருக்கே மூட்டையாகக் கொடுக்காமல், ஆளுக்குக் கொஞ்சமாக எல்லாருக்கும் கொடுங்கள். மொத்தமாக அள்ளிப் போகிறவனைவிட, தினம் அரைக் கிலோ வாங்குகிறவனுக்கே அன்றைக்குத் தேவை அதிகம்.

மூன்றாவது, விலையைப் பலகையில் எழுதுங்கள். பழைய சரக்கைப் புதுச் சரக்கோடு கலக்காதீர்கள். வாடியதைத் தனியே வைத்து, வாடியது என்று சொல்லிக் குறைத்துக் கொடுங்கள். உணவுக் கடைக்காரர்கள் அன்றே சமைக்க அதை வாங்கிக்கொள்வார்கள். சரக்கும் குப்பைக்குப் போகாது.

நான்காவது, வாங்கிய சரக்குக்குத் தவணை தப்பாமல் பணம் கொடுங்கள். நாம் மொத்த வியாபாரிக்கு இழுத்தடித்தால், அவர் தமக்குச் சரக்குக் கொடுத்தவருக்கு இழுத்தடிப்பார். அந்தச் சுமை கண்ணி கண்ணியாகப் பின்னால் போய், கடைசியில் வயலில் நிற்கிறவன் தலையில் இறங்கும். மதீனாவாசிகள் பேரீச்சம் பழத்துக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் முன்பே பணம் கொடுத்து வந்தார்கள். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருந்தால் அது கூடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அதற்கு ஸலம் என்று பேர். முன்பணம் விவசாயிக்குக் கைகொடுக்கும் பொருட்டு. கெடாவின் நெல் வயல்களில் முன்பு 'பாடி குன்சா' என்று ஒரு வழக்கம் இருந்தது. பஞ்ச காலத்தில் கொஞ்சம் பணம் கொடுத்து, அறுவடையில் சந்தை விலைக்கு வெகுவாகக் குறைத்து நெல்லாக வாங்கிக்கொள்வது. அதுவும் பார்வைக்கு முன்பணம்தான். ஆனால், ஒன்று தூக்கிவிடுகிற கை. மற்றது அழுத்துகிற கை. நம்மிடம் காய்கறி கொண்டுவரும் சிறு தோட்டக்காரர்களுக்கு நாம் கொடுக்கும் முன்பணம் எந்தக் கை என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஐந்தாவது, வருஷக் கடைசியில் ஜகாத்துக்கு ஐந்தொகை எடுக்கும்போது பின்னறையையும் சேர்த்து எண்ணுங்கள். நாற்பதில் ஒரு பங்கு என்பது கண்ணுக்குத் தெரிகிற அலமாரிக்கு மட்டும் அல்ல.

கடைசியாக ஒன்று. நாம் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. விவசாயி நம் முகத்தைப் பார்த்ததில்லை. சமைக்கிறவர் விவசாயியின் முகத்தைப் பார்த்ததில்லை. இருவருக்கும் நடுவில், இருவருடைய அமானத்தையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் நாம். கியாமத்து நாளில் அந்த இருவரும் நமக்கு இரண்டு பக்கத்திலும் வந்து நிற்பார்கள். "என் சரக்குக்கு என்ன செய்தாய்?" என்று ஒருவர் கேட்பார். "என் கூடையை ஏன் வெறுமையாக அனுப்பினாய்?" என்று மற்றவர் கேட்பார். அப்போது பூட்டும் இராது, பின்னறையும் இராது.

என் மகனுக்கு இப்போது வயது கூடிவிட்டது. கடையில் வந்து நிற்கிறான். போன மாதம் ஒருவர் கேட்ட பருப்பு ரகம் தீர்ந்திருந்தது. "இல்லை" என்றேன். அவன் சட்டென்று பின்னறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆமாம் அத்தா, உண்மையாகவே இல்லை" என்றான். வந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவன் நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்க எனக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ, அல்லாஹ்வே அறிவான்.

யா அல்லாஹ்! எங்கள் ரிஜ்கை ஹலாலாக்கி, அதில் பரக்கத்துச் செய்வாயாக! எங்கள் தராசையும் நாவையும் நேராக்குவாயாக! விளைவிக்கிறவர்களுக்கும், சுமக்கிறவர்களுக்கும், சமைக்கிறவர்களுக்கும் உரியதைக் குறைக்காமல் கொடுக்க எங்களுக்குத் தவ்பீக் தருவாயாக! எங்கள் பின்னறையில் செய்த பிழைகளை மன்னிப்பாயாக! எங்கள் பிள்ளைகளை எங்களைவிட நல்ல வியாபாரிகளாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.